மூடாக்கு இடுவோம், முறையறிந்து இடுவோம்

புதுவை நகரத் தெருக்களில் விடியற்காலையில் நடந்து செல்வோர் நாள்தோறும் காணும் காட்சி ஒன்றுண்டு. வேம்பும் மாவும் பூவரசும் இரவெல்லாம் உதிர்த்த சருகுகளை வாசலிலும் கொல்லையிலும் பெருக்கிக் கூட்டி, ஒரு மூலையில் தீ மூட்டி விடுகின்றனர். அன்று மாலையே அதே வீட்டார், காய்ந்து கிடக்கும் கத்தரிப் பாத்திக்குக் குடம் குடமாக நீர் சுமக்கின்றனர். காலையில் எரித்த சருகும் மாலையில் சுமந்த நீரும் தொடர்புடையவை என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அச்சருகு பாத்தியின் மேல் கிடந்திருப்பின், சுமந்த குடங்களில் பலவற்றைச் சுமக்க வேண்டியிராது.

மண்ணின் மேல் சருகு, வைக்கோல், தழை முதலியவற்றைப் பரப்பி மூடி வைப்பதற்கு மூடாக்கு என்று பெயர். வேளாண்மைத் துறையினர் இதனை நிலப்போர்வை என்றும் கூறுவர். இது புதிய விஷயமன்று. நம் முன்னோர் அறிந்ததே; அண்மைக் காலத்தில் இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் அவர்கள், 2013ஆம் ஆண்டு தாம் மறையும் வரையில் ஊர் ஊராகச் சென்று வலியுறுத்தியதே. ஆயினும், மூடாக்கு நல்லது என்று அறிந்திருப்பது வேறு. அதனை முறையாக இட அறிந்திருப்பது வேறு. இவ்வேறுபாட்டை நான் நூல்களிலிருந்து கற்கவில்லை. என் பிழையிலிருந்து கற்றேன். அதனை அங்கத்தினர்களிடம் மறைப்பதில் பயனில்லை ஆதலால், முதலில் அதனைக் கூறி விடுகிறேன்.

பதினொரு புங்கங் கன்றுகள்

நான் தணிக்கைக்குச் செல்லும் நெசவாளர் சங்கங்களுள் ஒன்றன் பின்புறம் பாவு ஓட்டும் இடம் ஒன்றிருக்கிறது. பாவு ஓட்டுவதற்கு நிழல் எவ்வளவு இன்றியமையாதது என்பதை நெசவாள அங்கத்தினர்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. வெயில் ஏறுமுன் பாவை நீட்டிப் பசை பூசிக் கோதிவிட வேண்டும். கடும் வெயில் பட்டால் பசை விரைந்து காய்ந்து இழை முறியும். அவ்விடத்தில் நிழல் தந்து கொண்டிருந்த முதிய மரங்கள், 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் புதுவைக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலில் சாய்ந்து போயின. அதன் பின்னர்ப் பல ஆண்டுகள் ஓலைப் பந்தலிட்டுச் சமாளித்து வந்தனர். 2021ஆம் ஆண்டில் சங்கத்தார் பதினொரு புங்கங் கன்றுகளை வரிசையாக நட்டனர்.

2023ஆம் ஆண்டுக் கோடையில் அங்கு நான் சென்றிருந்தபோது, கன்றுகளுக்கு நீர் ஊற்ற ஆள் கிடைப்பது அரிதாயிருக்கிறது என்று கூறினர். "மூடாக்கு இடுங்கள், நீர்ச் செலவு குறையும்" என்று சொல்லி விட்டுக் கணக்கேடுகளைப் பார்க்கச் சென்று விட்டேன். எவ்வளவு இடுவது, எவ்விடத்தில் இடுவது என்பதைச் சொன்னேனில்லை. அவர்களும் மிக்க ஆர்வத்தோடு வைக்கோலையும் தென்னை நார்க் கழிவையும் சருகையும் கொண்டு வந்து, ஒவ்வொரு கன்றின் அடித்தண்டைச் சுற்றியும் முழங்கால் உயரத்திற்குக் குவித்து மிதித்து விட்டனர். அடுத்த முறை சென்றபோது அக்குவியல்களைக் கண்டு மகிழ்ந்தேன் என்பதையும் இங்கு ஒப்புக்கொள்ள வேண்டும்.

மழைக்காலம் கழிந்து தை பிறந்தபோது சில கன்றுகளின் இலைகள் வெளுத்தன. பங்குனிக்குள் நான்கு கன்றுகள் பட்டுப் போயின. குவியலை விலக்கிப் பார்த்தோம். அடித்தண்டின் பட்டை ஈரத்தில் ஊறி அழுகி, கைபட்டவுடன் உரிந்து வந்தது. உள்ளே கறையான் புற்று. அருகிலிருந்த முதியவர் ஒருவர், "பாவுக்குப் பூசுகிற பசைக்கும் அளவு உண்டு ஐயா, கூடிப் போனால் இழை விறைத்து முறியும்" என்றார். அவர் என்னைக் குறை கூறவில்லை. ஆயினும், மூன்றாண்டு வளர்ந்த நிழல் நான்கு இடங்களில் இல்லாமற் போனதற்கு என் அரைகுறை அறிவுரை காரணமாயிற்று. எஞ்சிய ஏழு மரங்களின் அடியை அன்றே விடுவித்து, தழையைத் தள்ளிப் பரப்பினோம். 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு பெஞ்சல் புயல் புதுவையருகே கரையைக் கடந்து, நகரமே வெள்ளத்தில் மிதந்தபோதும் அவ்வேழும் நின்றன.

இனி, முறையைக் கூறுவேன்.

காடு கற்பிக்கும் பாடம்

முறையை அறிய விரும்புவோர் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. நகருக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள கீழ்புத்துப்பட்டு ஐயனார் கோயிலைச் சூழ்ந்த காட்டுக்குள் சென்று நிலத்தைப் பார்க்கலாம். கோயிற் காடு ஆதலால் அங்கு விழும் இலையையும் சுள்ளியையும் எவரும் வாரிக் கொண்டு போவதில்லை. கடலையடுத்த நிலத்தில், எவரும் நீர் ஊற்றாமலே, இலை உதிராப் பசுங்காடு ஒன்று தலைமுறை தலைமுறையாக நிற்கிறது. அங்கே சருகு எவ்வாறு கிடக்கிறது என்பதை நோக்குக. எந்த மரத்தின் அடியிலும் அது மலையாகக் குவிந்திருப்பதில்லை. நிலமெங்கும் மெல்லிய படுக்கையாகப் பரவியிருக்கிறது. மேலே உலர்ந்த இலை, அதன் கீழ் பாதி மக்கிய இலை, அதற்கும் கீழ் கருமையான மண் என மூன்று அடுக்குகள் காணப்படும். நாம் செய்ய வேண்டுவது இவ்வளவே.

இதற்கு மறுதலையான காட்சியையும் இப்பகுதி கண்டிருக்கிறது. 1968ஆம் ஆண்டு ஆரோவில் தொடங்கப்பட்டபோது அந்தச் செம்மண் மேட்டு நிலம் மரமின்றி, மழைநீர் அரித்த ஓடைகளும் பள்ளங்களுமாகக் கிடந்தது. ஒவ்வொரு மழைக்கும் மேல்மண் கடலை நோக்கி ஓடிற்று. அங்கு குடியேறியோர் வரப்புகள் கட்டி நீரை நிறுத்தினர். விரைவில் வளரும் ஆஸ்திரேலிய வேல மரங்களை முதலில் நட்டனர். அம்மரங்கள் உதிர்த்த இலையே வெற்று மண்ணுக்கு முதல் போர்வையாயிற்று. அந்நிழலிலும் சருகிலும் பின்னர் நம் நாட்டுக் காட்டு மரங்கள் வேர் கொண்டன. இன்று அவ்விடம் அடர்ந்த சோலையாயிருப்பதை யாவரும் நேரிற் காணலாம்.

மூடாக்கு செய்யும் வேலை

வெயில் நேரே படும் மண்ணிலிருந்து நீர் ஆவியாகிக் கொண்டேயிருக்கும். மேல் மண் உலர உலரக் கீழிருக்கும் ஈரம் மேலேறி அதுவும் ஆவியாகும். நீர் போய்விடும், நீரில் கரைந்திருந்த உப்பு மேலே தங்கிவிடும். கடலோரத்தில் கிணற்று நீர் உப்பேறியிருக்கும் வீடுகளில், நீர் ஊற்ற ஊற்ற மண்மேல் வெள்ளை பூப்பதும் செடியின் இலை நுனி கருகுவதும் இக்காரணத்தாலேயே. மூடாக்கு இவ்வாவியாதலைத் தடுக்கிறது. வெயிலைத் தடுப்பதால் வேர்கள் வாடுவதில்லை. வெளிச்சத்தைத் தடுப்பதால் களை விதைகளிற் பல முளைப்பதில்லை. நம் பகுதியில் ஆண்டுக்குப் பெய்யும் 1,200 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்த்து விடுகிறது. அம்மழையின் கனத்த துளிகள் மண்ணை அறைந்து இறுகச் செய்யாமலும், சேறு தெறித்து இலைகளில் நோய் பரவாமலும் மூடாக்கு காக்கிறது. இறுதியாக, அது மெல்ல மக்கி, மண்புழுவுக்கு உணவாகி, மண்ணோடு மண்ணாகிறது.

நம் சங்கங்களில் ஆண்டுதோறும் லாபத்தில் ஒரு பகுதியை ஒதுக்கு நிதிக்குக் கொண்டு செல்கிறோம். மண்ணில் சேரும் மக்கும் அத்தகைய ஒதுக்கு நிதியே ஆகும். சருகை எரிப்பவர் அந்நிதியைக் கொளுத்துகிறார். அன்றியும், குப்பையைத் திறந்த வெளியில் எரிப்பதைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் நாடெங்கும் தடை செய்து, எரிப்போருக்கு 5,000 ரூபாய் தண்டம் விதிக்கலாம் என்றும் ஆணையிட்டிருக்கிறது என்பதை அங்கத்தினர்கள் நினைவிற் கொள்வது நலம்.

காய்கறிப் பாத்திகளுக்கு

மழை நின்று மண்ணில் ஈரம் இருக்கும் மார்கழிக் கடைசியும் தைத் தொடக்கமும் மூடாக்கு இட ஏற்ற காலம். காய்ந்த மண்ணின் மேல் இட்டால், காய்வையே மூடி வைத்ததாகும். ஆதலால் முதலில் களையை வேரோடு எடுத்து, தொழுவுரம் சிறிது தூவி, நன்றாக நீர் பாய்ச்சிய பின்னரே மூட வேண்டும்.

விதை தூவி வளர்க்கும் கீரைப் பாத்திக்கு மூடாக்கு ஏற்றதன்று. முளை மேலெழ இயலாது. கத்தரி, தக்காளி, மிளகாய், வெண்டை போன்றவற்றிற்கு, நாற்று வேர் பிடித்து ஒரு சாண் உயரம் வளர்ந்த பின் இடலாம். நுணுக்கிய சருகானால் இரண்டு அங்குலக் கனம் போதும். வைக்கோல் போன்ற பொங்கிய பொருளானால் நான்கு அங்குலம் இடலாம். சில நாட்களில் அது தானே படிந்து பாதியாகும். செடியின் தண்டுக்கும் மூடாக்குக்கும் இடையே இரண்டு விரற்கடை இடைவெளி இருக்க வேண்டும். பப்பாளிக்கு இந்த இடைவெளி இன்னும் கூடுதலாக, ஒரு சாணேனும் வேண்டும். அதன் அடித்தண்டு ஈரத்தில் எளிதில் அழுகும். மாடியில் தொட்டிகளில் பயிரிடுவோர்க்கு ஓர் அங்குலமே போதுமானது.

வைக்கோல், மரத்தூள், நார்க் கழிவு ஆகிய உலர்ந்த பொருள்களை மண்ணுக்குள் கொத்திப் புதைத்தலாகாது. அவற்றை மக்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து தேவை. அப்பொருள்களில் அது குறைவாதலின், அவை மண்ணிலுள்ள தழைச்சத்தை எடுத்துக் கொள்ளும். செடி வெளுத்துப் போகும். மண்ணின் மேல் பரப்பி வைத்தால் இத்தீங்கு மிகக் குறைவு. அதற்கு மேலும் செடி வெளுக்குமானால், கடலைப் பிண்ணாக்குக் கரைசல் ஊற்றலாம். அல்லது அகத்தி, புங்கம், கிளைரிசிடியா, கொழிஞ்சி ஆகியவற்றின் பசுந்தழையை மூடாக்கின் அடியில் ஒரு வரிசை இடலாம்.

நீர் ஊற்றும்போதும் கவனம் தேவை. மேலாக நீரைத் தெளித்தால் அதனை மூடாக்கே உறிஞ்சிக் கொள்ளும், மண் நனையாது. சிறு தூறலும் அவ்வாறே. ஆகவே மூடாக்கைச் சற்று விலக்கி அடியில் நீர் விடுக. நீர் தேவையா இல்லையா என்பதை, மூடாக்கை நீக்கி விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து அறிக. இரண்டாம் கணு வரை ஈரம் தெரிந்தால் அன்று நீர் வேண்டாம்.

மரங்களுக்கு

நான் பிழை செய்த இடம் இதுவாதலின், இதனைச் சற்று விரித்துரைக்கிறேன்.

மரத்தின் வேரும் மரத்தின் தண்டும் ஒரே தன்மையன அல்ல. வேர் ஈரத்தில் வாழ்வதற்கு அமைந்தது. தண்டின் பட்டை காற்றில் வாழ்வதற்கு அமைந்தது. தண்டு அகன்று வேராகப் பிரியும் இடத்தை நன்றாக வளர்ந்த எந்த மரத்திலும் காணலாம். அவ்விடம் கண்ணுக்குத் தெரியும்படி இருத்தல் வேண்டும். அதனைத் தழையாலோ மண்ணாலோ மூடினால் பட்டை ஓயாமல் நனைந்து மென்மையாகும், பூசணம் பற்றும், எலியும் கறையானும் மறைவிடம் பெறும். தண்டிலிருந்து புது வேர்கள் குவியலுக்குள் கிளம்பி, தண்டையே சுற்றிக் கொண்டு நாளடைவில் நெரிப்பதும் உண்டு. இத்தீங்குகள் உடனே வெளிப்படுவதில்லை. இலை வெளுத்து நாம் அறியும்போது பெரும்பாலும் காலம் கடந்து விடுகிறது.

நீரையும் சத்தையும் உறிஞ்சும் நுண்வேர்கள் தண்டையொட்டி இருப்பதில்லை. அவை மேல் மண்ணில் ஓரடி ஆழத்திற்குள், கிளைகளின் நிழல் விழும் எல்லை வரையிலும் அதற்கு அப்பாலும் பரந்திருக்கின்றன. ஆதலால் தண்டருகே குவித்த தழையால் அவ்வேர்களுக்குப் பயனில்லை. மூடாக்கு இருக்க வேண்டிய இடம் நுண்வேர் இருக்கும் இடமே.

செய்முறை வருமாறு: இளங் கன்றானால் தண்டிலிருந்து அரையடி விட்டு, அதற்கு வெளியே மூன்றடி அகலத்திற்கு வட்டமாகப் பரப்புக. வளர்ந்த மரமானால் தண்டிலிருந்து ஓரடி விட்டு, இடம் உள்ளவரை கிளை நிழலின் எல்லையை எட்டும்படி பரப்புக. கனம் மூன்று முதல் நான்கு அங்குலம். அதற்கு மேல் வேண்டாம். முடித்த பின் பார்த்தால் வளையல் போலத் தோன்ற வேண்டும். குன்று போலத் தோன்றினால் பிழை. தழை மக்கித் தேய்ந்தபின் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை மேலே சேர்க்கலாம். சேர்க்குமுன் பழையது எவ்வளவு கனமிருக்கிறது என்பதை அளந்து பார்த்துக் குறைவை மட்டும் நிரப்புக.

நகர வீடுகளில் மரத்தடி வரை சிமெண்டுத் தளமிடும் வழக்கம் பரவியிருக்கிறது. இது தழைக் குவியலினும் கொடியது. தில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இட்ட காங்கிரீட்டை அகற்றுமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013ஆம் ஆண்டில் ஆணையிட்டது. நம் வீட்டு மரத்தைச் சுற்றியும் அந்த ஒரு மீட்டரைத் திறந்து, மெல்லிய மூடாக்கு இட்டால், மழைநீர் உள்ளிறங்க வழி பிறக்கும்.

தென்னைக்கு

தென்னைக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் தெளிவான அளவு கூறியுள்ளனர். மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரமுள்ள வட்டப் பாத்தியில் நூறு தேங்காய் மட்டைகளைக் குழிந்த பக்கம் கீழாகவும் குவிந்த பக்கம் மேலாகவும் கவிழ்த்து அடுக்கலாம். அல்லது உலர்ந்த தென்னை ஓலை பதினைந்து இடலாம். அல்லது நார்க் கழிவைப் பத்து சென்டிமீட்டர் உயரத்திற்குப் பரப்பலாம். கோடையில் ஈரம் காக்க இவை உதவும். மட்டையை மேல்நோக்கி வைத்தால் மழைநீர் தேங்கிக் கொசு பெருகும் என்பதையும் நகரவாசிகள் மறத்தலாகாது.

எதை இடலாம், எதைத் தள்ள வேண்டும்?

வேம்பு, மா, புங்கம் முதலிய மரச் சருகுகள் நகரில் விலையின்றிக் கிடைப்பன. பெரிய இலைகளைச் சற்று நொறுக்கி இடுவது நன்று. முழுதாக இட்டால் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி நீரை இறங்க விடாது. பாகூர்ப் பக்கத்தார்க்குக் கரும்புச் சோகையும் வைக்கோலும் எளிதில் கிடைக்கும். கடலை ஓடு, நறுக்கிய வாழைச் சருகும் மட்டையும் சிறந்தவை. உமி கடற்காற்றில் பறந்துவிடும். ஈரத் தழையோடு கலந்தே இட வேண்டும். சவுக்குச் சருகு மக்க நெடுநாளாகும். பழ மரங்களுக்கு ஏற்றது. ஆனால் எளிதில் தீப்பற்றுமாதலால் அடுப்பங்கரை ஓரம் வேண்டாம். தென்னை நார்க் கழிவு தன் எடையைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் நீரைப் பிடித்து வைக்க வல்லது. காய்கறிப் பாத்திக்கு அதனை மக்கச் செய்த பின்னரே இடுக. போகியன்று கொளுத்தும் பழைய கோரைப் பாயைப் பிளாஸ்டிக் கலப்பில்லையாயின் துண்டாக்கி மரத்தைச் சுற்றி விரித்து, மேலே சருகு தூவலாம்.

தள்ள வேண்டியவை: பார்த்தீனியம் முதலிய களைகளின் விதை முற்றிய செடிகள், நோய் கண்ட தக்காளி, கத்தரிச் செடிகள், களைக்கொல்லி தெளித்த புல், கடலில் ஒதுங்கிய உப்பேறிய பாசி. கோரைக்கு மூடாக்கு மருந்தாகாது. அது எப்போர்வையையும் துளைத்துக் கொண்டு வரும். கிழங்கோடு தோண்டி எடுத்த பிறகே மூடுக.

நெசவாள அங்கத்தினர்களுக்குத் தனியாக ஒரு சொல். தறியடியில் சேரும் நூற்கழிவைக் கொல்லையில் கொட்டுவது பலர் வழக்கம். சாயமேற்றாத பருத்தி நூற்கழிவை எருக்குழியில் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். சாயமேற்றிய நூலும் செயற்கை இழை கலந்த நூலும் உண்ணும் செடிகளின் அருகே வருதலாகாது. செயற்கை இழை மக்காது. பாத்தியில் சிக்கலாகிக் கொத்தையும் மண்புழுவையும் தடுக்கும். சாயத் தொட்டி நீரை மரத்திற்கு ஊற்றுவதும் தவறு.

காய்கறித் தோட்டங்களில் இப்பொழுது சொட்டு நீரோடு பிளாஸ்டிக் தாள் விரிப்பது பெருகியுள்ளது. அது ஈரம் காக்கும், களை தடுக்கும். ஆயினும் அது மண்ணுக்கு எதனையும் தருவதில்லை. கிழிந்த துண்டுகளைப் பொறுக்கும் வேலையும் வந்து சேரும். வீட்டுத் தோட்டத்துக்குச் சருகே போதுமானது.

மழைக்காலமும் கறையானும்

மணற்பாங்கான தோட்டங்களில் மழைக்காலத்திலும் மூடாக்கு இருக்கலாம். நீர் தேங்கும் களிமண் நிலத்தில் ஐப்பசி தொடங்குமுன் அதனை ஒதுக்கி வரப்பின் மேல் சேர்த்து, மண் காற்று வாங்குமாறு விட்டு, மழை நின்றபின் மீண்டும் பரப்புக. பெஞ்சல் போன்ற பெருமழையில் தழை மிதந்து வந்து மரத்தடியில் ஒதுங்கி நிற்கும். வெள்ளம் வடிந்த மறுநாளே அதனைத் தள்ளிவிட வேண்டும். மழைக்காலத்தில் பெரிய ஆப்பிரிக்க நத்தைகள் மூடாக்கின் கீழ் ஒளியும். அந்தி வேளையில் கையுறை அணிந்து பொறுக்கி உப்பு நீரில் இட்டு அழிக்கலாம்.

"மூடாக்கு இட்டால் கறையான் வரும்" என்று அஞ்சி இதனைக் கைவிட்டோர் பலர். அச்சம் முற்றிலும் பொய்யன்று. உலர்ந்த வைக்கோலைக் கறையான் நாடும். ஆனால் அது பெரும்பாலும் காய்ந்த பொருளைத் தின்பது. பசுமையான செடிக்கு அதனால் வரும் கேடு குறைவு. தண்டை விட்டு விலகி, கனமின்றி, சற்று ஈரமாக இருக்கும் மூடாக்கில் அது மரத்திற்கு ஏறுவதில்லை. வேப்பம் பிண்ணாக்கு தூவுவது கூடுதல் காவல். வீட்டுச் சுவர், மரத் தூண், தறிக் கொட்டகை ஆகியவற்றிலிருந்து மட்டும் இரண்டடி தள்ளியே மூடாக்கு இடுக.

சங்கங்கள் செய்யத் தக்கவை

ஒருவர் வீட்டில் சருகு மிகுதி. மற்றொருவர் வீட்டில் பாத்தி உண்டு, சருகில்லை. கூட்டுறவு தோன்றியது இத்தகைய நிலைமைகளுக்காகவே அன்றோ? ஒவ்வொரு சங்கமும் தன் வளாகத்தில் ஒரு மூலையைச் சருகு சேர்க்கும் இடமாக ஒதுக்கலாம். எரிக்க எண்ணியவர் அங்கு கொண்டு வந்து போடட்டும். தேவையுள்ளவர் எடுத்துச் செல்லட்டும். விவசாயச் சங்கங்கள் கரும்புச் சோகையையும் கடலை ஓட்டையும் நெசவாளர் சங்கங்களுக்கு வண்டிக் கூலியின் பேரில் கொடுத்துதவலாம்.

என் சொல்லை அப்படியே நம்ப வேண்டுமென்று கூற எனக்குத் தகுதியில்லை. நான் சொன்னதைக் கேட்டு நான்கு மரங்கள் பட்டன. ஆகவே அங்கத்தினர்கள் தாங்களே சோதித்துப் பார்ப்பார்களாக. ஒரே அளவில் இரண்டு பாத்திகள் அமைத்து, ஒரே நாளில் ஒரே நாற்றை நட்டு, ஒன்றுக்கு மட்டும் மேற்கூறிய முறையில் மூடாக்கு இடுக. மண்ணை விரலால் சோதித்துத் தேவைப்பட்டபோது மட்டும் நீர் விடுக. எந்தப் பாத்திக்கு எத்தனை குடம், எத்தனை முறை களை எடுத்தது, எத்தனை காய் பறித்தது என்பவற்றை ஒரு நோட்டில் குறித்து வருக. தை முதல் சித்திரை வரை எழுதிய கணக்கு, எந்த ஆய்வாளர் சொல்லினும் வலிமையுடையது.

அந்தச் சங்கத்தின் பாவு ஓட்டும் இடத்தில் பட்டுப் போன நான்கு கன்றுகளுக்கு ஈடாக, 2025ஆம் ஆண்டில் நான்கு புதிய புங்கங் கன்றுகளை நட்டோம். மூடாக்கை நானே குனிந்து பரப்பினேன். அரையடி அளவை ஒரு மூங்கிற் குச்சியால் அளந்து காட்டினேன். அக்குச்சியைச் சங்கத்தார் கதவோரம் சாத்தி வைத்திருக்கின்றனர். எஞ்சிய ஏழு மரங்களின் நிழலில் இப்பொழுது ஒரு பாவின் பாதி நீளத்தை வெயில் படாமல் ஓட்ட முடிகிறது. மீதிப் பாதிக்கு இன்னும் சில ஆண்டுகள் பந்தல் வேண்டியிருக்கும்.

அங்கத்தினர்கள் நாளைக் காலையில் துடைப்பத்தை எடுக்கும்போது தீப்பெட்டியை வைத்துவிட்டு, சருகைத் தோட்டத்திற்குக் கொண்டு செல்வார்களாக. கொண்டு சென்றபின் மரத்தின் அடியில் குவிக்காமல், ஓரடி தள்ளிப் பரப்புவார்களாக. தங்கள் பாத்திக் கணக்குகளை இவ்விதழுக்கு எழுதியனுப்பினால், பிறரும் பயன் பெறுவர்.